அண்ணன் இப்ப நல்லாத்தான் இருக்கான், லித்தியம் மாத்திரையை நிறுத்திடலாமா?

கேள்வி – 3 மார்ச் 2024

அண்ணனுக்கு 31 வயசு. போன வருஷம் பைபோலார்னு சொன்னாங்க, ஓவர் உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வர்ற நோயாம். லித்தியம் 400, ராத்திரி ரெண்டு. எட்டு மாசமா ஒரு பிரச்சனையும் இல்ல, வேலைக்குப் போறான், முன்ன மாதிரியே பேசுறான். கை மட்டும் லேசா நடுங்குது, தண்ணி நிறைய குடிக்கிறான், உடம்பும் போட்டிருச்சு. அம்மா "அதான் சரியாயிருச்சே, இன்னும் எதுக்கு அந்தப் பைத்தியக்கார மாத்திரை, கிட்னி போயிரும்"ங்கிறாங்க. அவனும் நிறுத்திடலாம்ங்கிறான். நிறுத்தினா என்ன ஆகும்? வீட்ல பார்த்தவங்க சொல்லுங்க.

3 மார்ச் 2024, ராத்திரி 11.40

நிறுத்தாதீங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்.

மாத்திரை வேலை செய்யுது, அதனாலதான் அண்ணன் நல்லா இருக்கார். நான் டாக்டர் இல்ல, திருநெல்வேலில 16 வருஷமா பைபோலார் இருக்கிற ஒரு தம்பிக்கு அக்கா, அவ்வளவுதான். நீங்க எழுதியிருக்கிற அதே வார்த்தை எங்க வீட்லயும் வந்துச்சு, 2009ல. அவன் கேட்டான், அம்மா சரின்னாங்க, நானும் சரின்னுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல. பதினெட்டாவது நாள் ராத்திரி 2 மணிக்கு வாசல்ல சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்து பார்த்தா, தெருவுல இருக்கிற வீட்டு மிக்ஸியெல்லாம் வாங்கிட்டு வந்து கழட்டிப் போட்டு உக்காந்திருக்கான். பிளேடு தனியா, ஜாரு தனியா, மோட்டர் தனியா வரிசையா துணி விரிச்சு அடுக்கி வச்சிருந்தான், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. "யக்கா, இந்தத் தெருவுல இனிமே ஒரு மிக்ஸி கெட்டுப்போகாது"ன்னான். மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். மூணு நாளா தூங்கல, ஆனா களைப்பே இல்ல. அடுத்த நாள் அம்மாவோட நாலு பவுன் செயினை அடகு வச்சு மூணு வேனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டான், டிராவல்ஸ் ஆரம்பிக்கிறானாம். அதுக்கப்புறம் 24 நாள் வார்டுல இருந்தோம்.

லித்தியத்தைச் சட்டுன்னு நிறுத்தினா நோய் திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம், அதுவும் முதல் சில மாசத்துலயே. நிறுத்தணும்னாலும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா, வாரக்கணக்குல மாசக்கணக்குல குறைப்பாங்க. வீட்ல உக்காந்து முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

4 மார்ச் 2024

நேத்து அவசரத்துல எழுதினேன், கை நடுக்கத்தைப் பத்தி சொல்லாம விட்டுட்டேன். லேசான நடுக்கம், தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, வெயிட், இதெல்லாம் லித்தியத்துல வர்றதுதான். வர்றதுதானேன்னு பல்லைக் கடிச்சுட்டு இருக்கவும் வேண்டாம், டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸை மாத்துவாங்க. ரத்தத்துல லித்தியம் லெவல் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு? அதை முதல்ல பாருங்க. 1.2 வரைக்கும் பரவால்ல.

4 மார்ச், சாயங்காலம்

மேல 1.2ன்னு போட்டது தப்பு. திருத்திக்கிறேன். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன், 1.2 வரைக்கும்ங்கிறது தம்பி மேனியால (அந்த ஓவர் உற்சாக நிலைமையில) அட்மிட் ஆகியிருந்தப்ப டாக்டர் எழுதினது. நல்லா இருக்கிறப்ப தினமும் போட்டுட்டு வர்றவங்களுக்கு பொதுவா 0.6லருந்து 0.8, சிலருக்கு 1 வரைக்கும் வச்சுப்பாங்க. 1.5 தாண்டினா விஷம் மாதிரி வேலை செய்ய ஆரம்பிச்சிரும். குணமாக்குற அளவுக்கும் விஷமாகுற அளவுக்கும் நடுவுல இவ்வளவு சின்ன சந்துதான். அதனாலதான் இதுக்கு ரத்தப் பரிசோதனையை விடாம பண்றாங்க.

இன்னொண்ணு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுதான் ரத்தம் குடுக்கணும். எங்களுக்கு இதை யாரும் சொல்லல. அப்ப தம்பிக்குக் காலைலயும் ஒரு மாத்திரை உண்டு. அதைப் போட்டுட்டுப் போய் ஒன்பதரைக்கு ரத்தம் குடுத்தான், ரிப்போர்ட் ஏகத்துக்கு ஏறி வந்துச்சு, நான் லேப் வாசல்லயே அழுதுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சரியான நேரத்துக்கு எடுத்தா 0.7. அன்னிலருந்து ரத்தம் குடுக்கிற நாள் காலை மாத்திரையை சட்டைப் பையில வச்சுட்டுப் போவான், ஊசி எடுத்த பிறகு அங்கயே போட்டுப்பான்.

லெவலோட சேர்த்து கிட்னிக்கு கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், கால்சியம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது. தம்பிக்கு நாலாவது வருஷம் தைராய்டு குறைஞ்சுது. லித்தியத்தை நிறுத்தல, தைராய்டு மாத்திரை சேர்த்துக் குடுத்தாங்க. உங்க அம்மா கிட்னியைப் பத்தி பயப்படுறது காரணம் இல்லாத பயம் இல்ல தம்பி, அதை உதாசீனம் பண்ணாதீங்க. வருஷக்கணக்குல போடுறப்ப சிலருக்கு கிட்னி வேலை குறையுது, அது உண்மை. பார்த்துட்டே இருந்தா முன்னாடியே தெரிஞ்சிரும், வேற மருந்துக்கு மாத்தலாம். பார்க்காம போட்டுட்டே இருக்கிறதும் தப்பு, பயந்து போடாம விடுறதும் தப்பு.

7 மார்ச் 2024

"பைத்தியக்கார மாத்திரை"ங்கிற வார்த்தை ரெண்டு நாளா மனசை அரிக்குது. எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்களுக்கு நான் சொன்னதையே உங்க அம்மாவுக்கும் சொல்லுங்க. லித்தியம் ஏதோ மயக்க மருந்து இல்ல, தூங்க வைக்கிற மருந்தும் இல்ல, அது ஒரு உப்பு. பூமியில, பாறையில, சில ஊர் தண்ணியில இயற்கையா இருக்கிறது. செல்போன் பேட்டரில இருக்கிற அதே லித்தியம்தான். (இதைக் கேட்டுட்டு தம்பி மக "அப்பாவுக்கு சார்ஜ் ஏத்துறாங்களா"ன்னு கேட்டா, வீடே சிரிச்சுது, அவன்தான் எல்லாரையும் விட சத்தமா சிரிச்சான்.)

இதைக் கண்டுபிடிச்சவர் ஜான் கேட், ஆஸ்திரேலியா டாக்டர். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்ககிட்ட பிடிபட்டு மூணு வருஷத்துக்கு மேல சிங்கப்பூர் சாங்கி முகாம்ல கைதியா கிடந்தவர். திரும்பி வந்து மெல்போர்ன் பக்கத்துல ஒரு மனநல ஆஸ்பத்திரில கினி பன்றிங்களுக்கு லித்தியம் குடுத்துப் பார்த்தார், அதுக அமைதியாயிருச்சு. தானே முதல்ல முழுங்கிப் பார்த்துட்டுதான் நோயாளிங்களுக்குக் குடுத்தார். 1949ல பத்து மேனியா நோயாளிங்களைப் பத்தி எழுதினார். அப்ப ரத்தத்துல அளவு பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது, அவர் முதன்முதல்ல குடுத்து நல்லான மனுஷரே பின்னாடி லித்தியம் ஏறித்தான் இறந்தார். நான் மேல லெவல் லெவல்னு அடிச்சுக்கிறது இதனாலதான்.

அப்புறம் டென்மார்க்ல மோகன்ஸ் ஸ்கௌன்னு ஒரு டாக்டர் இதை ஒழுங்கா சோதனை பண்ணி 1954ல எழுதினார். அவரோட சொந்தத் தம்பிக்கு வருஷா வருஷம் மனச்சோர்வு வந்துட்டிருந்துச்சு, லித்தியம் ஆரம்பிச்ச பிறகு நின்னுச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி முழுக்க தூக்கம் வரல. அவருக்கும் ஒரு தம்பி.

8 மார்ச்

தற்கொலை ஆபத்தையும் லித்தியம் குறைக்குமான்னு கேட்டிருந்தீங்க. ஆமா, குறைக்குதுன்னு ஆதாரம் இருக்கு. இதைக் கேட்டவங்களுக்கு ஒரு வேண்டுகோள், இப்ப வீட்ல யாருக்காவது தற்கொலை எண்ணம் இருந்தா பதிலுக்குக் காத்திருக்காதீங்க. அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழ்ல பேசலாம். தனியா விடாதீங்க. லித்தியம் மாத்திரை வீட்ல இருந்தா மொத்தமா அவங்க கைக்கு எட்டுற மாதிரி வைக்காதீங்க, அளவு மீறினா உயிருக்கே ஆபத்து.

15 மார்ச் 2024

தம்பிக்கு ஆரம்பத்துல என்னன்னு கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல தப்பாத்தான் போச்சு. 2008ல ஆறு மாசம் படுத்தே கிடந்தான். குளிக்க மாட்டான், சாப்பிட மாட்டான், கம்ப்யூட்டர் சென்டர் வேலையை விட்டுட்டான். சொந்தக்காரங்க சோம்பேறின்னாங்க, காதல் தோல்வின்னாங்க. ஒரு பொது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், டிப்ரஷன்னு மாத்திரை எழுதிக் குடுத்தார். மூணே வாரத்துல பையன் எந்திரிச்சு உக்காந்துட்டான், சிரிக்கிறான், பாடுறான். அம்மா சாமிக்குத் தேங்கா உடைச்சாங்க. அடுத்த வாரம் விடிய விடிய பேச ஆரம்பிச்சான், கலெக்டருக்கு லெட்டர் எழுதுறான், பஸ் ஸ்டாண்டை மாத்திக் கட்ட பிளான் போடுறான்.

பைபோலார் இருக்கிறவங்களுக்கு டிப்ரஷன் மாத்திரையைத் தனியா குடுத்தா சில பேருக்கு அப்படியே மேனியா பக்கம் தூக்கி விட்ரும். அந்த டாக்டர் மேல எனக்கு இப்ப கோபம் இல்ல, முதல் தடவை டிப்ரஷனா வர்றப்ப கண்டுபிடிக்கிறது கஷ்டம்தான். ஆனா ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம, ஆனா களைப்பும் இல்லாம, ஓவர் உற்சாகமா இருந்தானா?" காலேஜ் கடைசி வருஷம் அப்படி ஒரு வாரம் இருந்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க டாக்டர்கிட்ட போறப்ப அவங்க கேக்கலன்னாலும் இதைச் சொல்லுங்க. குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னும் சொல்லுங்க. எங்க தாத்தா ஒருத்தர் "வீட்டை விட்டு ஓடிப் போயிட்டார்"னு மட்டும்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க.

28 ஏப்ரல் 2024

வெயில் ஆரம்பிச்சிருச்சு. லித்தியம் போடுறவங்க வீட்ல இருக்கிற எல்லாரும் இதை முழுசா படிங்க.

2019 வைகாசி விசாகத்துக்கு தம்பி திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனான். பத்து வருஷமா உடம்பு நல்லா இருக்கு, முருகனுக்கு நேர்த்திக்கடன், நானே அனுப்பி வச்சேன். ரெண்டு நாள் நடை. வெயில் கொளுத்துது, வேர்வை ஊத்துது, போற வழில மோர் பந்தல் இருந்தும் விரதம்னு சரியா சாப்பிடல. முழங்கால் வலிக்குதுன்னு கூட வந்தவர் ஒரு வலி மாத்திரை குடுத்திருக்கார், டைக்ளோஃபெனாக், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. லித்தியத்தையும் ஒழுங்கா போட்டிருக்கான், பாவம், ஒரு வேளை விடல.

திரும்பி வந்ததும் வாந்தி, வயித்தால போச்சு. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நினைச்சேன். மறுநாள் காலைல காப்பி குடுத்தேன். டம்ளரை வாங்கினான், டபராவுல பட்டு கடகடகடன்னு சத்தம், லேசா நடுங்குற வழக்கமான நடுக்கம் இல்ல அது, கை முழுசா ஆடுது, காப்பி பாதி மடியில. "சுடுதால"ன்னு கேட்டா "இல்லக்கா"ங்கிறதுக்குள்ள நாக்கு குழறுது. எந்திரிச்சு நடந்தான், சுவத்தைப் பிடிச்சுட்டு குடிச்சவன் மாதிரி தள்ளாடுறான். பக்கத்து வீட்டு மாமா "யாத்திரை போயிட்டு வந்து தண்ணியைப் போட்டுட்டானா"ன்னே கேட்டுட்டார்.

ஆட்டோ பிடிச்சு பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனா, டூட்டில இருந்தவங்க ஃபுட் பாய்சன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாங்க. நான் மாத்திரை அட்டையை மேஜை மேல வச்சு, "லித்தியம் லெவல் எடுங்க, எடுக்காம போக மாட்டேன்"னு நின்னேன். எடுத்தாங்க. 1.9. அப்புறம்தான் ஓட ஆரம்பிச்சாங்க. லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏத்தி, தினமும் லெவல் பார்த்து, நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம்.

டாக்டர் பின்னாடி விளக்கினார். உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா கிட்னி சோடியத்தை விடாம பிடிச்சு வச்சுக்கும், அதோட சேர்த்து லித்தியத்தையும் பிடிச்சு வச்சுக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாது. வேர்வை, வாந்தி, பேதி, விரதம் எல்லாமே இதைத்தான் செய்யும். வலி மாத்திரைல டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி உள்ளது கிட்னி லித்தியத்தை வெளிய தள்ளுறதைக் குறைச்சிரும். காய்ச்சல் வலின்னா பாராசிட்டமால் பரவால்ல. பிபி மாத்திரைல நிறைய ஒண்ணுக்குப் போக வைக்கிற வகை, ராமிப்ரில் எனலாப்ரில் மாதிரி "ப்ரில்"ல முடியறது, லோசார்டன் டெல்மிசார்டன் மாதிரி "சார்டன்"ல முடியறது, எதையும் மனநல டாக்டருக்குத் தெரியாம ஆரம்பிக்காதீங்க. பிபி வந்துருச்சுன்னு வீட்ல திடீர்னு உப்பைக் குறைக்கிறதும் இதே ஆபத்துதான்.

கை ஆட்டம் கூடுறது, வாந்தி பேதி, நாக்கு குழறுறது, தள்ளாட்டம். இதுல எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரை போடாம உடனே ஆஸ்பத்திரி. பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். தம்பி பர்ஸ்லயும் ஒண்ணு இருக்கு.

29 ஏப்ரல்

இல்லங்க, பாதயாத்திரையே போகக்கூடாதுன்னு சொல்லல. போன தையில பூசத்துக்கு மறுபடி போனான். டாக்டர்கிட்ட கேட்டுட்டு, நடந்தது பூரா ராத்திரிலயும் விடியக்காலைலயும், உப்பு போட்ட மோர், விரதம் கிடையாது. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

19 மே 2024

மாத்திரையைச் சாப்பாட்டுல கலந்து குடுக்கலாமான்னு ஒரு அம்மா கேட்டிருந்தீங்க. நானும் பண்ணியிருக்கேன், அதனால சொல்றேன், வேண்டாம்.

2009ல வார்டுலருந்து வந்த பிறகு போட மாட்டேன்னு அடம் பிடிச்சான். நான் அம்மில பொடிச்சு ரசத்துல கலந்தேன். பதினோரு நாள் நடந்துச்சு. பன்னெண்டாவது நாள் ரசத்தை நாக்குல வச்சவன் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் நாலு மாசம் என் கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்கல. குழாய்ல தானே பிடிச்சுப்பான், டம்ளரைத் திருப்பித் திருப்பி அடியைப் பார்ப்பான். யாரோ விஷம் வைக்கிறாங்கன்னு ஏற்கனவே சந்தேகம் இருந்த பையன், அதை நானே உண்மையாக்கிட்டேன். பொடிச்சதும் தப்பு, எஸ்ஆர்னு போட்ட மாத்திரை மெதுவா கரையுறதுக்காகச் செஞ்சது, பொடிச்சா மொத்தமும் ஒரே நேரத்துல இறங்கிரும்.

அவன் மறுபடி மாத்திரை போட ஆரம்பிச்சது நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான். டாக்டர் அவன்கிட்ட நேரா பேசினார். "உனக்கு இதுல எது பிடிக்கல"ன்னு கேட்டார். "மண்டை மந்தமா இருக்கு சார், பாட்டு கேட்டா முன்ன மாதிரி உள்ள இறங்க மாட்டேங்குது"ன்னான். டோஸைக் கொஞ்சம் குறைச்சார். அவ்வளவுதான். ஒரு வருஷமா நான் அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்ல.

2 ஜூன் 2024

கோயில், தர்கா பத்தி ரெண்டு பேர் காரசாரமா கேட்டிருந்தீங்க. நாங்களும் மந்திரிச்சோம், கயிறு கட்டினோம், குணசீலம் கோயில்ல போய் 48 நாள் இருக்கச் சொன்னாங்க, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. ஏர்வாடின்னதும் அப்பா எந்திரிச்சுட்டார். 2001 ஆகஸ்ட் 6ந்தேதி விடியக்காலைல அங்க ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. அப்பா அந்தப் பேப்பரை மடிச்சு பீரோவுல வச்சிருந்தார், ஏன்னு அப்ப எங்களுக்குத் தெரியல. ஓடிப்போன தாத்தா அவரோட சித்தப்பா.

இப்ப 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலில கட்டக்கூடாது. மயக்க மருந்து குடுக்காம ஷாக் ட்ரீட்மெண்ட் குடுக்கவும் கூடாது. ஏர்வாடியிலயே மருந்தும் துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்கிற மாதிரி அரசாங்க டாக்டருங்க பார்க்கிறாங்க.

நம்பிக்கையே தப்புன்னு முன்ன நினைச்சுட்டிருந்தேன், இப்ப அப்படி நினைக்கல. அம்மா இன்னிக்கும் வெள்ளிக்கிழமை விபூதி பூசிவிட்டுட்டு அதே கையால மாத்திரையை எடுத்துக் குடுக்கிறாங்க.

11 ஆகஸ்ட் 2024

தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுறாங்க, அவ வால்ப்ரோயேட் (பைபோலாருக்குக் குடுக்கிற இன்னொரு மருந்து) போடுறான்னு கேட்டவங்களுக்கு: கல்யாணத்துக்கு முன்னாடியே, இப்பவே டாக்டர்கிட்ட போங்க. கர்ப்பத்துல அந்த மருந்து குழந்தையோட முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். வேற மருந்துக்கு மாத்த நேரம் வேணும், கர்ப்பம் ஆனபிறகு ஓடக்கூடாது. தானா நிறுத்தவும் கூடாது.

மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா? சொல்லுங்க. 2015ல நாங்க சொன்னோம், ரெண்டு சம்பந்தம் போச்சு. மூணாவது வீட்ல பொண்ணே எங்ககிட்ட "மாத்திரை ஒழுங்கா போடுவாங்களா"ன்னு மட்டும் கேட்டுச்சு. இப்ப அந்தப் பொண்ணுதான் தம்பி தூக்கத்தைக் காலண்டர்ல குறிச்சு வைக்கிறது. ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் கீழ, ரெண்டு நாள் சேர்ந்தாப்ல, களைப்பும் இல்லன்னா மூணாவது நாள் காலைல டாக்டருக்குப் போன். இது அவங்க ரெண்டு பேரும் பேசி வச்ச ஒப்பந்தம், அவன் நல்லா இருக்கிறப்ப அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டது. 2021ல ஒரு தடவை அப்படிப் பிடிச்சோம், வார்டுக்குப் போகாமலே அடங்கிருச்சு.

6 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட தம்பி, உங்க அண்ணனுக்கு 0.9 வந்துச்சு, டோஸைக் கொஞ்சம் குறைச்சிருக்காங்க, நடுக்கம் குறைஞ்சிருக்குன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டோஸ் மாத்தினா ஒரு வாரம் கழிச்சு மறுபடி லெவல் பாக்கணும், மறந்துராதீங்க.

எங்க வீட்லயும் நாளைக்கு ரத்தம் குடுக்கிற நாள். இப்பல்லாம் அவனுக்கும் ராத்திரி மட்டும்தான் மாத்திரை. இப்பத்தான் போட்டுட்டுப் படுக்கப் போனான், மணி 9. காலைல 9 மணிக்கு லேப்ல இருக்கணும்னு அவன் மக அலாரம் வச்சிருக்கா.